கோடல்ல, கீறல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ‘ஆர்வத்தில்’ என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன்.

தொடக்கம் ஒன்று: பண்டைய எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதவில்லை. ஆகவே அவர்கள் பெயர்களை எப்படி உச்சரித்தார்கள் என்பது

(வேண்டாம். வகுப்பெடுக்கிற நடை.)

தொடக்கம் இரண்டு: என் தங்கை எனக்கு ஆறு வயது இளையவள். நான் படித்த எகிப்திய எழுத்துகளையே படித்தாள். நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்திலேயே சேர்ந்தாள். எனக்கு எதிர் மேசை.

2

உள்ளங்கை அளவு கல் துண்டு. அதில் ஓர் ஆளின் பெயர். நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். முதலில் ஒரு வட்டம், உள்ளே குறுக்குக் கோடுகள்; தொண்டையைச் செருமுவதுபோன்ற ஒலிக்குறி. அப்படி வாசித்தால் பெயரே வரவில்லை.

தங்கை டீயும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இது கோடு இல்லக்கா. கீறல்.”

“என்னடி சொல்ற?”

“தோண்டறப்போ யாரோ கீறியிருக்காங்க. வெறும் வட்டம்தான். சூரியன்.”

சூரியன் என்றால் கடவுள். கடவுள் பெயரை மரியாதைக்காக முன்னால் எழுதுவார்கள். கடைசியில் வாசிக்க வேண்டும்.* அவள் வாசித்தாள். பெயர் வந்துவிட்டது. டீ கூட ஆறவில்லை.

“சபாஷ்டி” என்றேன். வயிறு எரிந்தது. இதைவிட நல்ல சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

[* முதலாண்டு மாணவருக்கே தெரிந்த விதி. எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த எரிச்சல்.]

3

கட்டுரை எழுதி என்னிடம்தான் கொடுத்தாள். “அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்துடுக்கா. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.”

தப்பவில்லை. கல்லின் படம் இடவலம் மாறியிருந்தது. எழுத்துகளில் வரும் பறவைகள் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கின்றனவோ, அங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்க வேண்டும். கல்லில் அவை வலப்பக்கம் பார்த்தன, படத்தில் இடப்பக்கம்.

“எல்லாம் சரியா இருக்குடி” என்றேன்.

(இதுவரை படித்த என் கணவர், “எந்த அக்காவாவது இப்படிச் செய்வாளா? நம்பற மாதிரி இல்ல” என்கிறார். அவர் ஒற்றைப் பிள்ளை.)

4

படம் அப்படியே அச்சானது. கருத்தரங்கில் மூத்த ஆய்வாளர் ஒருவர் அதைத் திரையில் போட்டு, “இத வாசிக்க முகம் பாக்கற கண்ணாடி வேணும்போல” என்றார். அரங்கே சிரித்தது. அவள் கண்டுபிடித்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வராந்தாவில் கேட்டாள்: “நீ கவனிக்கலையாக்கா?”

முடிவு அ: ‘கவனிச்சேன்’ என்று அக்கா

முடிவு ஆ: அக்கா மேடையேறிப் பழியைத் தன்மேல் (சினிமா. அடித்தாயிற்று.)

நடந்தது: “இல்லடி” என்றேன்.

“விடுக்கா” என்று என் தோளைத் தட்டினாள். “நீயும் எவ்வளவுதான் பாப்ப.”

5

வாசகரே, முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் நான் எழுதுவதை ஒன்றுவிடாமல் வாசிக்கிற ஒருத்தி இருக்கிறாள். வாசிப்பது நீயென்றால், அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேளடி. இந்தமுறை நான்