மூடித் தைச்ச பாக்கெட்

"சூப்பர்வைசர் ஆயிட்டியாமே. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா?"

வீட்டுக்காரம்மா வாசல்லயே நின்னாங்க. அவங்க உள்ள வராம பேசினா அது வாடகை விஷயம்தான்.

அவ ஈரக் கையத் துடைச்சுக்கிட்டு, "பேருக்குத்தாம்மா" அப்படின்னா.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து கூட்டிக் குடு. முடியலன்னா சொல்லிடு, வீடு கேட்டு ஆளுங்க வந்துட்டுப் போறாங்க. எனக்கும் பொண்ணு கல்யாணம் வருதுல்ல."

அவங்க போனதும் கட்டில்லேர்ந்து புருஷன் சிரிச்சான். லோடு வண்டி ஓட்டினவன், இடுப்புல அடிபட்டுப் படுத்தவன், இன்னும் எழுந்திரிக்கல. "ஊரே சேந்து நம்மளப் பணக்காரங்களா ஆக்கிடுச்சு. நமக்குத்தான் யாரும் சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வரல.

பியூட்டி பார்லர்ல நாற்காலிக்குப் பின்னாடி நின்னு முடி வெட்டி, சாயம் அடிச்சுக்கிட்டு இருந்தவ அவ. அப்போ சம்பளம் வாடகைக்குப் போச்சு, டிப்ஸ் வயித்துக்கு ஆச்சு. எப்படியோ வண்டி ஓடுச்சு. அப்புறம் முதலாளியம்மா அவளக் கூப்பிட்டு, "இனிமே நீதான் இவங்களுக்கெல்லாம் பெரியவ"ன்னு ஒரு கறுப்புக் கோட்டக் குடுத்தாங்க. சம்பளத்துல கொஞ்சம் ஏத்தினாங்க, டிப்ஸ மொத்தமா நிறுத்தினாங்க. சூப்பர்வைசர் கை நீட்டக் கூடாதாம். அது கடைக்கே கேவலமாம். அந்தக் கோட்டுல ரெண்டு பாக்கெட்டும் வாய மூடித் தைச்சிருந்துச்சு.

பொண்ணுங்க அவள அக்கான்னு கூப்பிடக் கூடாது, மேடம்னு கூப்பிடணும். வாரக் கடைசியில டிப்ஸ் பெட்டியத் தொறந்து பங்கு வெக்கிறப்போ மேடம் ஷட்டருக்கு வெளிய போய் நிக்கணும். எவளாவது லீவு போட்டா அந்த நாற்காலிய மேடம்தான் பாக்கணும். அப்போ கிடைக்கிற டிப்ஸும் பெட்டிக்குத்தான். செருப்பு, லிப்ஸ்டிக், நாள் பூரா பேசுற போன், எல்லாம் அவ கைக்காசு. அவ மக படிக்கிற பள்ளிக்கூடத்துல, "அம்மா பெரிய வேலையில இருக்காங்களாமே"ன்னு ஃபீஸ் சலுகையையும் எடுத்துட்டாங்க.

குருவின்னு ஒரு பொண்ணு, கடையிலயே சின்னவ. ஒரு நாள் ஷட்டருக்கு வெளிய வந்து தன் பங்குல கொஞ்சம் நீட்டினா.

"வெச்சுக்கோங்க மேடம். உங்களவிட நான் அதிகம் வாங்குறேன், எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"உள்ள போடி. கேமரா பாக்குது."

வாங்கல. ஆனா வீட்டுக்குப் போற வழியெல்லாம் அந்தக் கைதான் கண்ணுல நின்னுச்சு.

மறுநாள் காலையில புருஷனோட தலகாணிய உதறினப்போ மாத்திரை அட்டை விழுந்துச்சு. பாதிக்கு மேல அப்படியே இருந்துச்சு.

"ஏன் போடல?"

"வலி கொறஞ்சிடுச்சு."

பொய். திரும்பிப் படுக்கவே பல்லக் கடிக்கிறவன். அட்டை தீந்தா அடுத்த அட்டை வாங்கணுமேன்னு மிச்சம் புடிச்சிருக்கான். அவ பாத்ரூமுக்குப் போய் குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதா.

அன்னைக்கே முதலாளியம்மா ரூமுக்குப் போனா.

"அம்மா, என்னைப் பழையபடி நாற்காலிக்கே அனுப்பிடுங்க."

முதலாளியம்மா போன்லேர்ந்து தலையத் தூக்கல. "மேல ஏத்துனவள இறக்கினா மத்தவளுங்க என்ன நினைப்பாளுங்க? இறங்கணும்னா ஒரேயடியா வாசலுக்குத்தான். மரியாதை குடுத்திருக்கேன், அத வெச்சுக்கத் தெரியல உனக்கு."

"மரியாதையைக் குடுத்தா வீட்டுக்காரம்மா வாடகைக்கு எடுத்துக்க மாட்டேங்கிறாங்கம்மா."

"போய் வேலையப் பாரு."

அவ வேலையப் பாக்கப் போகல. சாமான் வெக்கிற ரூமுக்குப் போய் கோட்டக் கழட்டி மடியில போட்டா. புருவம் திருத்துற சின்னக் கத்திரிய எடுத்து பாக்கெட் தையல ஒண்ணொண்ணாப் பிரிச்சா. வாசல்னா வாசல்தான். வேலையும் போயி வீடும் போனா, படுத்துக் கிடக்கறவன எங்க தூக்கிட்டுப் போறது? தெரியல. ஆனாலும் கடைசித் தையல் வரைக்கும் பிரிச்சா.

கோட்ட மாட்டிக்கிட்டு வெளிய வந்தா, வீட்டுக்காரம்மா உக்காந்திருக்காங்க. கல்யாணத்துக்கு முடிச் சாயம் அடிக்க வந்திருக்காங்க. ஒருத்தி லீவு, அதனால நாற்காலி இவளுக்கு.

"அட, நீயே அடிக்கப் போறியா? எனக்கு யோகந்தான்," அப்படின்னு அவங்க சாஞ்சுக்கிட்டாங்க. அவ நெத்தியில ஒரு சொட்டு படாம சாயம் அடிச்சு, அலசி, காய வெச்சு, சீவி விட்டா. வீட்டுக்காரம்மா கண்ணாடியில இப்படியும் அப்படியும் திரும்பிப் பாத்தாங்க. பத்து வயசு கொறஞ்சிருந்துச்சு. சந்தோஷமா பர்ஸ்லேர்ந்து ஒரு நோட்ட உருவினாங்க.

"டிப்ஸ் பெட்டி எங்கம்மா? உன் கையில குடுத்தா உனக்கு மரியாதை இல்ல பாரு."

முதலாளியம்மா இதக் கேட்டுட்டு கல்லாவுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே நின்னாங்க.

அவ பாக்கெட்ட விரல்ல இழுத்து விரிச்சுக் காட்டினா. அறுந்த நூல் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"இதுல போடுங்கம்மா."

கடையில கத்திரிச் சத்தம் நின்னுச்சு. முதலாளியம்மாவோட சிரிப்பு அப்படியே உறைஞ்சிடுச்சு. எல்லாரும் பாக்குறாங்களேன்னு வீட்டுக்காரம்மா நோட்டப் போட்டாங்க. அவ அத வெளிய எடுத்து, மடிப்பு நீவி, திரும்ப அவங்க கையிலயே வெச்சா.

"வாடகையில வரவு வெச்சுக்கோங்க. மிச்சத்துக்கு என் சம்பளம் போதுமான்னு இவங்களையே கேளுங்கம்மா."

வீட்டுக்காரம்மா அந்த நோட்டயும் முதலாளியம்மாவையும் மாறி மாறிப் பாத்தாங்க. நோட்டப் பர்ஸ்ல வெக்கவும் முடியல, நீட்டவும் முடியல.

"உள்ள வா," முதலாளியம்மா மெதுவாச் சொன்னாங்க.

"நாற்காலியத் தொடச்சிட்டு வரேம்மா."

குருவி ஓடி வந்து துணிய அவ கையிலேர்ந்து வாங்கினா. கடைக்கே கேக்குற மாதிரி சொன்னா.

"நான் தொடைக்கிறேன். நீங்க போய்ப் பேசிட்டு வாங்க அக்கா."