இடுப்புப் பை

வெளிநாட்டுக்குப் போய் வரலாம் என்று முடிவான அன்றைக்கே அக்காவுக்கும் தங்கைக்கும் வாய்த்தகராறு ஆரம்பித்துவிட்டது. எங்கே போவது என்பதில் இல்லை. கடற்கரை ரிசார்ட், ஐந்து நாள், டிக்கெட்டும் அறை வாடகையும் ஆளுக்குப் பாதி என்று பத்து நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். கைச்செலவுக்குப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் பதினெட்டு நாள் இழுத்தது.

வீட்டில் அவர்களைப் பெரியவ, சின்னவ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். “மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் எல்லாரும் தான் சொன்னபடி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவள். பெரியவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள். ஐம்பது வயது. புருஷன், இரண்டு பையன்கள், மூன்று தையல் மிஷின். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தெருவைத் தாண்டி அவள் உல்லாசமாக எங்கேயும் போனதில்லை.

“கார்டு போதும்க்கா. தொலைஞ்சாலும் போன்லயே பூட்டிடலாம்.”

“பணம் தொலைஞ்சாத்தானே பூட்டணும். என் மேல இருந்து எப்படித் தொலையும்?”

கடைசியில் பெரியவள் தன் பங்கை நோட்டாக மாற்றிக்கொள்வது, சின்னவள் தன் பங்கைக் கார்டில் வைத்துக்கொள்வது என்று சமரசம் ஆயிற்று. அதற்காகப் பெரியவள் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாணய மாற்றுக் கடைகளில் ஏறி இறங்கி, விலை விசாரித்தாள். அதில் மிச்சம் பிடித்தது பஸ் செலவுக்கே சரியாகப் போயிருக்கும் என்று சின்னவள் சொன்னாள். பெரியவள் அதைக் காதில் வாங்காமல் சீருடைத் துணி மிச்சத்தில் ஒரு பை தைத்தாள். நாடா வைத்து இடுப்பில் கட்டி, சுடிதாருக்குள் மறைத்துக்கொள்ளும் பை. அதற்கு ஒரு ஜிப், ஜிப்புக்கு மேல் ஒரு கொக்கி, கொக்கிக்குத் துணையாக ஒரு ஊக்கு.

போய் இறங்கிய விமான நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே அந்தப் பையின் லட்சணம் தெரிந்துவிட்டது. காசு கொடுக்க வேண்டுமென்றால் பெரியவள் கழிவறைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். கல்லாவில் இருந்த பெண் பாட்டிலைப் பிடித்தபடி நிற்க, பின்னால் எட்டுப் பேர் நிற்க, சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கார்டை நீட்டினாள். பெரியவள் ஈரக் கையோடு திரும்பி வந்து, “அதுக்குள்ள என்ன அவசரம்” என்றாள்.

ரிசார்ட்டில் இன்னொரு கூத்து. அங்கே யாரும் நோட்டை வாங்கமாட்டார்களாம். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை கட்டிவிடுவார்கள். அதில் பணத்தை ஏற்றிக்கொண்டு, எது வாங்கினாலும் பட்டையைக் காட்டினால் போதும். சின்னவளுக்கு வெற்றிப் புன்னகை. கார்டை மிஷினில் சொருகினாள். உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கட்டுமா என்று திரை கேட்டது. அட, வசதியாகப் போச்சு என்று ஆமாம் என்பதை அமுக்கினாள்.

பெரியவள் ரசீதை வாங்கிக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். “நான் மாத்தின விலைக்கு இது எவ்வளவு கூட தெரியுமா? ஆறு சட்டை தைக்கிற கூலி.”

அது உண்மை என்பதுதான் சின்னவளுக்கு எரிச்சல். அந்த ஊர்ப் பணத்திலேயே கழிக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு போனில் தேடித் தெரிந்துகொண்டாள். அக்காவிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மூன்று நாளும் எல்லாமே சட்டைக் கூலிதான். குளத்தோரத்தில் விற்ற பழச்சாறு ஒன்றரைச் சட்டை. சாய்ந்து படுக்கும் நாற்காலியின் வாடகை இரண்டு சட்டை, அதனால் பெரியவள் மணலில் துண்டு விரித்து உட்கார்ந்தாள். காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்ந்தது. ஆகவே அவள் அவித்த முட்டைகளையும் ரொட்டியையும் காகிதத்தில் சுற்றி மத்தியானத்துக்கு எடுத்து வந்தாள். பரிமாறுகிற பையன் பார்த்துவிட்டுச் சிரித்தபோது சின்னவளுக்கு மேஜைக்கு அடியில் நுழைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“மானத்தை வாங்காதக்கா.”

“முட்டைக்கு நாம காசு கட்டியாச்சுடி. மானத்துக்குத் தனியா கட்டணுமா?”

சாயங்காலமானால் சின்னவள் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு யார் எதற்கு எவ்வளவு என்று கேட்பாள். பெரியவளிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. இடுப்புப் பை அவிழ்க்கப்படவே இல்லை. ஐந்து நாளைக்குக் கொண்டுவந்த பணத்தை அப்படியே திரும்பக் கொண்டுபோகத்தான் இவள் விமானம் ஏறினாளா என்று சின்னவளுக்குத் தலை சூடேறியது.

நான்காம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிய சின்னவள், எழுந்து பார்த்தால் பெரியவளைக் காணோம். அவள் போன் மேஜைமேல் கிடந்தது. குளத்தில் இல்லை, கடற்கரைத் துண்டுமேல் இல்லை. பாஷை தெரியாது, வழி தெரியாது, இடுப்பில் மொத்தப் பணம். வாசலில் நின்ற காவலாளியிடம் கையைக் காலை ஆட்டிக் கேட்டதில், அவன் வேலிக்கு அந்தப் பக்கம் விரலை நீட்டினான்.

வேலிக்கு அப்பால் ஊர்க்காரர்களின் கடற்கரை. சின்னவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினாள். நான்கைந்து விசைப்படகுகள், பெயர் எழுதிய பலகை, கூட்டமாகச் சிலர். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். படகு ஒன்று கயிற்றால் இழுக்க, பெரிய குடை மாதிரி விரிந்த பாராசூட்டில், தென்னை உயரத்துக்கும் வெகு மேலே, கிளிப்பச்சைச் சுடிதார் ஒன்று தொங்கிக்கொண்டு போனது.

அந்தத் துணியை சின்னவளுக்கு நன்றாகத் தெரியும்.

கரையில் இறக்கிவிட்டபோது பெரியவளின் தலைமுடி கலைந்து நாலு பக்கமும் நின்றது. தங்கையைப் பார்த்ததும் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

“எத்தனை மணி நேரமாத் தேடறேன் தெரியுமா? போனையாவது எடுத்துட்டு வரக்கூடாதா?”

“நனைஞ்சிடும்னு வச்சிட்டு வந்தேன்.”

“எவ்வளவு குடுத்தே?”

“ரிசார்ட்ல கேக்கறதுல பாதி. இங்க நோட்டு மட்டும்தான் வாங்கறாங்க. மூணு தடவைன்னு பேரம் பேசினேன், அதுலயும் குறைச்சான்.”

“மூணு தடவையா?”

“இது மூணாவது.”

சின்னவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். பழச்சாறு குடிக்காமல், நாற்காலியில் படுக்காமல், முட்டையைச் சுற்றி எடுத்துச் சேர்த்த நான்கு நாள் சிக்கனம். “மொத்தமும் போச்சா?”

பெரியவள் பையைத் தட்டிக் காட்டினாள். தட்டையாக இருந்தது. “நூறு சட்டைக் கூலி போயிருக்கும்” என்றாள். குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

“என்னை எழுப்பியிருக்கலாம்ல. நானும் வந்திருப்பேன்.”

பெரியவள் உயிர்காப்புச் சட்டையின் வாரைக் கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்தாள். பிறகு, “நீ கணக்குக் கேப்பே” என்றாள். “மேல போனப்பறமும் கேப்பே. இது தேவையா, அதுக்குப் பதிலா இதைப் பண்ணியிருக்கலாமேன்னு. கடையிலயும் அதான், வீட்லயும் அதான். ஒரு மத்தியானம் யாரும் கேக்காம இருக்கட்டும்னுதான் வந்தேன்.”

சின்னவளுக்குச் சுருக்கென்றது. நான்கு நாளாகக் கணக்குப் பார்த்துக் கழுத்தறுத்தது நீயா நானா என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் தினமும் சாயங்காலம் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது தான்தான் என்பது அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் உர்ரென்று நடந்தாள். கோபம் அக்காமேலா தன்மேலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. சாயங்காலம் போனைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை, “வா, இன்னொரு தடவை போலாம். நான் தர்றேன்” என்றாள் சின்னவள்.

படகுக்காரர் கார்டு வாங்கமாட்டார். பட்டையும் அங்கே செல்லாது. ஏடிஎம்முக்கு வெயிலில் இருபது நிமிஷம் நடக்க வேண்டியிருந்தது. அந்த மிஷின் எடுத்த தொகைக்கு மேல் தனியாக ஒரு கட்டணமும் பிடுங்கிக்கொண்டது. உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று அதுவும் கேட்டது; இந்தத் தடவை வேண்டாம் என்று குத்தினாள். கட்டணம் எத்தனை சட்டை என்று பெரியவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் படும் பாடு முகத்தில் தெரிந்தது.

இரண்டு பேருக்கும் பணம் கட்டியாயிற்று. முதலில் பெரியவள், அடுத்து சின்னவள் என்று ஏற்பாடு. படகில் உட்கார்ந்து கயிறு மேலே போவதைப் பார்த்த மாத்திரத்தில் சின்னவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயிறு சரியில்லை என்று படகுக்காரரிடம் சைகை காட்டினாள். கட்டிய பணம் திரும்ப வராது என்று அவர் சைகையிலேயே சொன்னார். வேண்டுமானால் அக்காவே இரண்டு சுற்றுப் போகட்டும் என்றார்.

ஆக, அக்காவின் கண்ணாடியையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, உப்புத்தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க, சின்னவள் படகில் உட்கார்ந்திருந்தாள். தன் பணத்தில் வேறொருத்தி பறக்கிறாள். கழுத்து வலிக்க அண்ணாந்து, கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பெரியவள் கீழே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.