ஒரு தொழிலுக்கு ஒருவர்

அந்த சேவை கிளப்பில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல், ஒரு பெயிண்ட் கடைக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு உரிய நாற்காலியில் எதிர்க்கடைக்காரர் பன்னிரண்டு வருடமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். நம் கண்ணாடிக்கடைக்காரரோ ஐந்து வருடமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போனவர். ரத்ததான முகாமில் கை நீட்டினார், மரக்கன்று நட்டார், குழுப் படத்தில் கடைசி வரிசையில் அரை முகமாக நின்றார். அதோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளப் தலைவரே கடைக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடங்களுக்கு பஸ் விடும் முதலாளி. மெல்லிய குரல், மாட்டேன் என்ற சொல்லைக் கேட்டுப் பழகாத காது.

"இடம் காலியாயிடுச்சு. நீங்க வரணும்."

"எதிர்க்கடை அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"நல்லாத்தான் இருக்காரு. சேவை மனசு கொஞ்சம் கொறஞ்சு போச்சு, அவ்ளோதான்." எழுந்தவர் வாசலில் நின்றார். "பாப்பாவும் நம்ம பஸ்லதானே ஸ்கூலுக்குப் போகுது?"

"ஆமாங்க."

"நல்லது."

அந்த 'நல்லது' ஏனோ காதிலேயே நின்றது. ஆனால் ஐந்து வருட ஆசை சும்மா விடுமா? அன்றே சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார்.

மதிய விருந்தில் பேட்ஜ் குத்தினார்கள். கைதட்டல் ஒன்றாக எழுந்து ஒன்றாக நின்றது. பன்னிரண்டு வருடம் தங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. புது உறுப்பினரின் முதல் சேவையைத் தலைவர் அறிவித்தார்: ஞாயிற்றுக்கிழமை, பள்ளி பஸ் டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை.

சனிக்கிழமை எதிர்க்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்தார். உட்காரவில்லை.

"கடைசியா வர்ற டிரைவருக்கு எழுத்துப் பலகையைத் திருப்பிப் போட்டுப் பாரு தம்பி."

அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். இடம் போன வயிற்றெரிச்சல் என்று நம்மவர் முடிவுகட்டினார். பிறரைப் பற்றி அப்படி முடிவுகட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

ஞாயிறன்று கிளப் ஹாலில் பதினொரு படிவங்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் 'பார்வை நன்று' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.

"உங்க நேரம் வீணாகக் கூடாதுல்ல. கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றார் செயலாளர்.

பத்து டிரைவர்களுக்குக் குறையில்லை. பதினோராவது ஆள் ஆஜானுபாகு, பணிவானவர். பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். நம்மவர் கை தானாகவே பலகையைத் திருப்பியது. பின்பக்கம் வேறு எழுத்துகள். டிரைவர் முன்பக்கத்தையே மறுபடி ஒப்பித்தார், ஒரு எழுத்து பிசகாமல். லென்ஸை மாற்றி மாற்றி வைத்தும் அதே பாட்டு. கண்ணாடியால் தீரும் குறையே இல்லை அது.

தோளில் ஒரு கை விழுந்தது. தலைவர்.

"இருபது வருஷமா நம்மகிட்ட இருக்காரு. மூணு மாசமா ஷெட்ல சும்மா உக்காந்திருக்காரு, பாவம். அவரு சம்பாத்தியத்துலதான் வீடே ஓடுது." கை எடுக்கப்படவில்லை. "இதெல்லாம் போன கண்ணாடிக்காரருக்குப் புரியலை."

ஹாலில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், புன்னகையோடு. போட்டார் கையெழுத்து. கை நடுங்கக்கூட இல்லை. நடுங்கியிருந்தாலாவது மனுஷனைக் கொஞ்சம் மதிக்கலாம்.

"நன்றி டாக்டர்" என்று டிரைவர் கை நீட்டினார். நீட்டிய கை அருகிலிருந்த நாற்காலியை நோக்கிப் போயிற்று.

திங்கட்கிழமை காலை மகளுடன் பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வந்தது. நிறுத்தத்தைத் தாண்டிப் போய், தடக்கென்று நின்றது. முன் கண்ணாடியில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'எங்கள் ஓட்டுநர்களின் பார்வை பரிசோதிக்கப்பட்டது.' கீழே அவருடைய கடைப் பெயர், கொட்டை எழுத்தில். ஐந்து வருடமாக அவர் ஏங்கியது அதற்குத்தான்.

ஓட்டுநர் இருக்கையில் அந்தப் பதினோராவது ஆள். நம்மவர் ஜன்னலுக்கு நேரே போய் நின்று கையசைத்தார்.

"யாருங்க அது?" என்றார் டிரைவர்.

படியில் ஏறிவிட்ட மகளை இடுப்போடு பிடித்து இறக்கினார். ஜன்னல்களில் இருபது, முப்பது சின்ன முகங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் மகனின் ஷூ நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். "ஏன் சார், பாப்பா வரலையா?"

சட்டையில் பேட்ஜ் மின்னிக்கொண்டிருந்தது.

"வயித்து வலி" என்றார்.

"அச்சச்சோ. நோட்டீஸ் பாத்தேன் சார். நீங்களே செக் பண்ணீங்களாமே? இனிமே எனக்குப் பயமே இல்ல."

அவள் மகனைத் தூக்கிப் படியில் ஏற்றினாள். பஸ் கிளம்பியது. அவர் மகளின் கையைப் பிடித்தபடி நின்றார்.