இரண்டு அங்குலம் அதிகம்

தங்கை கடைக்குள் நுழைந்தபோதே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மாதமாகப் பழைய இரும்புக் கிடங்குகளில் ஏறி இறங்கிக் கறுத்துப்போயிருந்த அந்த முகத்தில் இன்று வெற்றிக் களை சொட்டிற்று.

"அக்கா, எட்டு ரப்பர் புஷ் குடு. ஷாக் கிடைச்சிருச்சு!"

மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த ஒரு ஷாக் அப்சார்பரைச் சின்னவள் மேசைமேல் வைத்தாள். வண்டி உதிரிபாகங்கள் விற்கும் அந்தக் கடையில் எந்தப் பொருளும் பெரியவளின் கைபடாமல் உள்ளே வந்ததில்லை. இதுவும் தானாகவே அவள் கைக்குப் போயிற்று.

ஷாக், அப்பாவின் பழைய ராணுவ ஜீப்புக்கு. பட்டாளத்தில் அவர் ஓட்டிய அதே ரகம். ஓய்வுபெற்றதும் ஏலத்தில் எடுத்தது. பதினாறு வயதில் அதன் அடியில் படுத்து, தலைமுடியெல்லாம் கிரீஸாகத் திரிந்தவள் பெரியவள். அந்த நாட்களில் சின்னவள் செய்த ஒரே வேலை ஹார்ன் அடித்தது. ஆனால் தள்ளாமை வந்ததும் அப்பா சின்னவள் வீட்டுக்குப் போனார். ஜீப்பும் பின்னாலேயே போயிற்று. "அவ வீட்லதான் ஷெட் இருக்கு" என்றார். நியாயமான காரணம். அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால், ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு ஆறியிருக்கலாம்.

ஜீப்பின் ஷாக்குகள் எண்ணெய் ஒழுகிச் செத்துப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி ஆறு முறை துள்ளும். அப்பாவின் முதுகெலும்பு அதைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆற்றுப்பாலம் வரை ஒருமுறை தம் ஜீப்பில் போய்வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அந்த ஜீப்புக்கென்றே செய்யப்பட்ட நான்கு ஷாக்குகள், மெழுகுத்தாள் பிரிக்காமல், பெரியவளின் கடை மேல்தட்டில் ஐந்து ஆண்டுகளாக இருந்தன. ராணுவம் கழித்த சரக்கு ஒன்றில் வந்தவை. அப்பா ஒருநாள் கடைக்கு வருவார், "நீதாம்மா தேடித் தரணும்" என்பார், உடனே இறக்கி முன்னால் வைக்கலாம் என்று அவள் காத்திருந்தாள். அப்பா வரவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் சின்னவளிடமே கேட்டார். ஆறு மாதத்துக்கு முன் சின்னவள் வந்து, "உன்கிட்ட இருக்காக்கா?" என்றபோது, யோசிக்கும் முன்பே பெரியவளின் வாய் "இல்லை" என்றது. அன்று மாலையே பெட்டிகளைச் சுவரோரமாகத் தள்ளி, முன்னால் மட்கார்டுகளை அடுக்கி வைத்தாள்.

இப்போது மேசைமேல் இருந்த ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து முழுதும் அமுக்கினாள். அளக்க டேப் தேவைப்படவில்லை. சுருங்கிய நிலையில் பதின்மூன்று அங்குலம். ஜீப்பில் அதற்கு உள்ள இடம் பதினொன்று.

"எதை அளந்து வாங்கினே?"

"இழுத்து வச்சு அளந்தேன். பழசு எவ்வளவு நீளமோ அதே நீளம். இம்மி பிசகலை!"

விரிந்த நீளத்தை மட்டும் அளந்திருக்கிறாள். பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது இந்த ஷாக்கால் அவ்வளவு சுருங்க முடியாது. வண்டியின் அடிச்சட்டத்தில் அதைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியைப் பிய்த்துவிடும். பெரியவள் சொல்ல வாயெடுத்தாள்.

"அப்பா என்ன சொன்னார் தெரியுமா?" என்று சின்னவள் முந்திக்கொண்டாள். "எனக்குப் பொண்ணுன்னா நீ ஒருத்திதான்டீன்னார். சந்தோஷத்துல வாய் தவறிட்டார், பாவம்."

பெரியவள் எட்டு புஷ்களை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவை உட்கார வச்சு ஓட்டறேன். வந்துடு அக்கா."

இடையில் இருந்த இரண்டு நாளும் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி உடையட்டும் என்று நினைப்பாள். உடனே முன்னிருக்கையில் அப்பா உட்கார்ந்திருப்பது கண்முன் வரும். தானே சொன்னால் தங்கையின் பெருமை சரியும். அதைப் பார்க்கும் ஆசை தனக்குள் இருந்ததே அவளைச் சொல்லவிடாமல் கூசச் செய்தது. ஞாயிறன்று விடிந்ததும் கிளம்பிவிட்டாள்.

முற்றத்தில் அப்பா பழைய பட்டாளத் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக ஜீப்பைப் பார்க்கும் மெக்கானிக் நான்காவது ஷாக்கை முடுக்கிவிட்டு, அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

"வாம்மா. பாத்தியா, சின்னவ சாதிச்சுட்டா" என்றார் அப்பா.

"வண்டியை எடுக்காதீங்க. அது நீளம் ஜாஸ்தி."

"ஆரம்பிச்சுட்டா! அவ நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதே" என்றார் அப்பா.

பெரியவள் மெக்கானிக்கிடம், "ஒண்ணைக் கழட்டுங்க. சக்கரத்தோட ஆக்ஸில் மேல ஏறி ரப்பர் கட்டையில முட்டற நிலைக்கு, ஷாக் மாட்டற ரெண்டு போல்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் மிஞ்சும்னு அளங்க" என்றாள்.

அவர் அடியில் போய் அளந்தார். "பதினொண்ணு."

"இப்போ ஷாக்கை முழுசா அமுக்கி அளங்க."

"பதிமூணு." தலையைச் சொறிந்துகொண்டார். "இந்தம்மா சொல்றது சரிதான். ஒரு பள்ளம் போதும், தாங்கி பிச்சுக்கும். இது எனக்குத் தோணாமப் போச்சே!"

சின்னவளின் முகம் வாடிப்போயிற்று. எத்தனையோ நாளாக எதிர்பார்த்த காட்சி. ஆயினும் பெரியவளுக்கு அது இனிக்கவில்லை.

"அப்போ சரியானதுக்கு நான் எங்க போவேன்? போகாத கிடங்கு இல்லை!"

"குத்தம் சொல்ல வந்துட்டா, கொண்டு வந்தாளா ஒண்ணு?" என்றார் அப்பா.

பெரியவள் கடைக்குப் போனாள். அரை மணியில் நான்கு பெட்டிகளோடு திரும்பி, அவற்றை ஜீப்பின் பானெட்மேல் வரிசையாக வைத்தாள். சரக்கு வந்த தேதியை ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டொட்டி எழுதுவது அவள் பழக்கம். சின்னவள் குனிந்து படித்தாள். நிமிர்ந்து அக்காவை ஒருகணம் பார்த்தாள். பிறகு, அப்பா பக்கம் திரும்பாமலே, நான்கு சீட்டுகளையும் நகத்தால் சுரண்டிக் கிழித்தாள்.

"அப்பா, அக்கா எங்கெங்கேயோ சொல்லி வச்சு வரவழைச்சிருக்கா! அச்சு அசல் நம்ம வண்டியோடது."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்படிப் போடு! என் பெரிய பொண்ணாச்சே!"

ஐந்து ஆண்டுகளாக அவள் காத்திருந்த சொல் அதுதான். தங்கையின் கையால், பிச்சையாக வந்து விழுந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொள்ள வேண்டுமா?

"இல்லப்பா" என்றாள். "அஞ்சு வருஷமா என் கடையிலதான் இருந்தது. இவ வந்து கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன்."

மெக்கானிக் மரியாதையாக மீண்டும் வண்டிக்கடியில் புகுந்துகொண்டார்.

"ஏன்?" என்றார் அப்பா.

"நீங்க வந்து எங்கிட்ட கேக்கலை."

அப்பா தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லாத்தான் பெத்து வச்சிருக்கேன். ஒருத்தியை நம்பினா முதுகு அஞ்சு வருஷம் வலிக்கும், இன்னொருத்தியை நம்பினா ரெண்டா ஒடியும். சரி, அதை மாட்டித் தொலைங்க."

பெரியவள் கீழே படுத்து மாட்டினாள். சின்னவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு முறை தவறானதைக் கொடுத்தாள், இரண்டு முறையும் பெரியவள் வெடுக்கென்று திருப்பித் தள்ளினாள். நான்கும் மாட்டி முடிந்ததும் சின்னவள் சாவியை எடுத்தாள். பெரியவள் துணியில் கை துடைத்தபடி ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் நின்றாள்.

"என் ஷெட்ல நிக்கற வண்டி, அக்கா."

"மாட்டினது யாருடி?"

"நீங்க ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க" என்றார் அப்பா. "மெக்கானிக்கே ஓட்டட்டும்."

மெக்கானிக் கூச்சத்தோடு கையைக் கழுவிவிட்டு வந்து ஏறினார். தெருமுனை மேட்டில் ஜீப் ஏறி, ஒரே ஒரு முறை அமர்ந்தெழுந்து நிதானித்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்து, "பேஷ்! வேலை சுத்தமான ஆளுய்யா நீ" என்று மெக்கானிக்கின் தோளில் தட்டினார்.

பின்னால் முழங்கால்கள் இடிபட ஒடுங்கி உட்கார்ந்திருந்த இருவரும், தட்டு வாங்கிய அந்தத் தோளை முறைத்துப் பார்த்தார்கள்.

"மாட்டினது நீ, பேர் அந்தாளுக்கு" என்று முணுமுணுத்தாள் சின்னவள்.

"சும்மா இருடி" என்றாள் பெரியவள். "கியரைக்கூடச் சரியாப் போடத் தெரியலை அவருக்கு."