சும்மா இருக்கும் கை

தம்பிக்காரனின் வலது கையில் டாக்டரம்மா ஊசியைச் செருகியபோது அக்காக்காரிக்கு உள்ளூர ஒரு திருப்தி. நன்றாக வலிக்கட்டும் என்று நினைத்தாள். அதற்காக வெட்கப்படவும் இல்லை. வெளியே உட்காரச் சொன்ன நர்ஸிடம், கூடப் பிறந்தவள் நான், பக்கத்தில்தான் இருப்பேன் என்று மல்லுக்கட்டி உள்ளே வந்திருந்தாள். குட்டு உடையும்போது பார்க்க வேண்டாமா?

பின்னே என்ன? படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பது, புரட்டுவது, துடைப்பது எல்லாம் அவள் தலையில். பகலெல்லாம் லாண்டரியில் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்து அந்தக் கனத்தைத் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகிறது. தம்பித் துரையோ, கை எழும்பவில்லை என்று பெயிண்டர் வேலையையும் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். சாப்பாடு மட்டும் இடது கையால் ஜோராக இறங்குகிறது. பரீட்சையன்று வயிற்றுவலி வருமே, அதே நடிப்பு. டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். கைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், இன்றைக்கே அப்பாவை அவன் தூக்கியாக வேண்டும்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தசை என்பது முறுக்கிய கயிறு மாதிரி, கட்டுக்குள் கட்டு, இழைக்குள் இழை. நரம்பு உத்தரவு போட்டால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நுழையும், தசை குறுகும், கை மடங்கும். அப்போது உண்டாகும் மின்சாரத்தை இந்த மெஷின் சத்தமாக்கிக் காட்டும். அக்காக்காரிக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: வேலை செய்தால் சத்தம் வரும்.

கையைத் தளர்த்தி வைக்கச் சொன்னார். தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி மெஷின் படபடத்தது.

"கேட்டீங்களா டாக்டர்? எப்படி வேலை செய்யுது பாருங்க. இத்தன நாளா என் உயிர வாங்கினான்."

தம்பிக்காரன் அவள் பக்கம் திரும்பவில்லை. "இப்ப குளுகுளுன்னு இருக்கா உனக்கு?"

டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அவர் கையை அசைக்கவே இல்லம்மா. சும்மா இருக்கற தசை சத்தமே போடக்கூடாது. நரம்பு செத்துட்டு வந்தாத்தான் இழையெல்லாம் தானா இப்படித் துடிக்கும்."

பிறகு மடக்கச் சொன்னார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றதில் நெற்றி வேர்த்தது. மெஷினில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தட்டல்கள் மட்டும் கேட்டன.

அக்காக்காரிக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். பொய்யாக இருந்தால் திட்டியே எழுப்பியிருக்கலாம். இனி யாரைத் திட்டுவது? நிஜமாகவே தப்பித்துவிட்டான், பாவி.

ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா ஊசியோடு இடது கைப்பக்கம் வந்தார்.

"அது நல்லாத்தான் இருக்கு. அதுலதான சாப்பிடறேன்," என்றான் அவசரமாக.

அவளும் தலையாட்டினாள். தினமும் பார்க்கிறவள் ஆயிற்றே. அந்த ஒரு கையையாவது அப்பாவின் முதுகுக்கு முட்டுக்கொடுக்க வைத்துவிடலாம் என்று அதற்குள் மனசு கணக்குப் போட்டிருந்தது.

தளர்த்தி வைக்கச் சொன்னார். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தக் கையிலும் தூறல் ஆரம்பித்தது.

மாதக்கணக்கில் அக்காவை 'இந்தப் பொம்பள' என்றே சொல்லிவந்தவன், கூரையைப் பார்த்தபடி, "அக்கா, அத நிறுத்தச் சொல்லு," என்றான்.

அவள் எழுந்து மெஷின் முன்னால் போய் நின்றாள். எதைத் திருகினால் நிற்கும் என்று தெரியவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்பீக்கர்மேல் வைத்து, இஸ்திரிப்பெட்டியை அழுத்துகிற அத்தனை பலத்தோடும் அழுத்தினாள். விரல்களுக்கு அடியில் அது தூறிக்கொண்டே இருந்தது.