புள்ளி இல்லாத படம்

துறைமுகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. படக்காரி என்றால்தான் தெரியும். மீன்வள அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கடல் பக்கம் ஜன்னல்கூட இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் எந்தத் தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது, எங்கே நுண்பாசி பச்சையாகப் பூத்திருக்கிறது என்று பார்ப்பாள். திங்கட்கிழமைதோறும் கடலின் மேல் ஒரு சிவப்புக் கோடு போடுவாள். பச்சை பூத்த குளிர்ந்த நீரில்தான் மீன்குஞ்சுகள் மேயும். கோட்டுக்கு உள்ளே வலை விழக் கூடாது.

கோடு போடுவதில் என்ன இருக்கிறது, அதை மதிக்க வைப்பதுதான் பாடு. மதிக்க வைத்தவன் அவளுடைய அண்ணன், படகோட்டி. மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். "வலைக்குள்ள வந்த மீனையே நமக்கு எண்ணத் தெரியல, இந்தம்மா வானத்துல இருந்து எண்ணுதாம்!" என்றான் ஒருவன். அண்ணன் எழுந்தான். "என் தங்கச்சி கோடு போட்டா போட்டதுதான். தாண்டணும்னு நினைக்கிறவன் முதல்ல என் படகைத் தாண்டிட்டுப் போ" என்றான். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அள்ளி அள்ளித் தீர்ந்துபோன கடல் அது. கோட்டுக்குள் தப்பிப் பிழைத்த கொஞ்ச மீன்கள் இந்த வருஷம்தான் முட்டையிட்டிருந்தன. எத்தனையோ காலத்துக்குப் பிறகு தண்ணீரில் குஞ்சு நிறைந்திருந்தது. இந்த ஒரு பருவம் அவற்றை விட்டுவைத்தால் போதும். அண்ணன் அதற்காக மூன்று வருஷமாக அரை வலையோடு திரும்பிக்கொண்டிருந்தான்.

மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. அப்போது போன வாரத்து அளவையே எடுத்து ஓட்டையை அடைத்து, அதன் மேல் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் வைப்பாள். இது கண்டதல்ல, குத்துமதிப்பு என்பதற்கு அடையாளம். இரண்டு வாரம் தொடர்ந்து எதுவும் தெரியாவிட்டால் கோடே போடக் கூடாது, படகுகள் கரையில் நிற்க வேண்டும் என்று விதி எழுதியவளும் அவள்தான்.

அந்த மாதம் மேகம் மூடியது. முதல் திங்கட்கிழமை அவள் போட்ட படத்தை அலுவலக இயக்குநர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது, அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி?"

"மேகம் சார். புள்ளி வெச்ச இடம் நாம பாக்காத இடம்."

"வெளியிலேருந்து ஆய்வுக் குழு வருது. ரெண்டு வாரம் இங்கதான் இருப்பாங்க. பாக்காத இடம்னு நாமளே ஊர்கூட்டிச் சொல்லணுமா? துடைச்சு விடு."

துடைத்தாள். கணினியில் புள்ளியை அணைத்துவிட்டு, அதே பெயரில் படத்தைச் சேமித்தாள். ஒரு நொடி வேலை. அடுத்த திங்கட்கிழமையும் மேகம் கலையவில்லை. ஆனால் போன வாரத்துப் படத்தில் புள்ளி இல்லாததால், அது கண்ணால் கண்டது என்றே கணினி எடுத்துக்கொண்டது. ஒரு வாரம்தான் பார்வை இல்லை, கோடு போடலாம் என்றது. இந்த வாரத்துப் படத்திலும் புள்ளி வரவில்லை, அணைத்தது அணைத்தபடியே இருந்தது. அவளும் பார்த்தாள். துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது படம். பழைய இடத்திலேயே கோட்டைப் போட்டாள்.

புதன்கிழமை காலை அண்ணன் படகிலிருந்து சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.

"ஏ படக்காரி, சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே. என்ன, வலை கனமா?"

"கனம்தான். அதான் பயமா இருக்கு. விரல் நீளம்தான் இருக்கு எல்லாம். குஞ்சு மாதிரி தெரியுது."

"கோட்டுக்கு வெளியதானே இருக்க?"

"வெளியதான். ஆனா வயித்த அமுக்கிப் பாத்தேன், முட்டையே இல்ல."

அவள் திரையைப் பார்த்தாள். அண்ணனின் படகும் கூட இருந்த பத்துப் படகுகளும் கோட்டுக்கு வடக்கே, வெறும் நீலத்தில் நின்றன. பச்சை கோட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

"அது சின்ன ஜாதி மீனா இருக்கும்ணே. முட்டை விட்டு முடிச்சிருக்கும்."

"சரி. நீ சொன்னா சரிதான். என் கை என்ன கண்டுச்சு" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

நண்பகலில் வானம் வெளுத்தது. பதினாறு நாளுக்குப் பிறகு முதல் முழுப் படம் வந்து இறங்கியது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். கோட்டுக்குள் ஒன்றுமே இல்லை. பச்சை முழுவதும் நீரோட்டத்தோடு வடக்கே நகர்ந்து, பதினொரு படகுகளின் அடியிலேயே விரிந்து கிடந்தது.

படியில் ஓடி இயக்குநரிடம் போனாள். அவர் படத்தைப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"உக்காரு."

"சார், இன்னும் அள்ளிட்டு இருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லு. நடு வாரத்துல கோட்டை மாத்துறோம், ரெண்டு வாரமா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டோம்னு சொல்லு. அதுக்கப்புறம் இந்தத் துறைமுகத்துல எவனாவது உன் கோட்டை மதிப்பானா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன? திங்கக்கிழமை சத்தமில்லாம வடக்கே நகர்த்திடு. குழுவும் போயிடும்."

அவள் தன் அறைக்குத் திரும்பினாள். போனை எடுத்தாள், வைத்தாள். படக்காரி என்று முதன்முதலில் கேலியாகக் கூப்பிட்ட அதே வாய்கள் இப்போது அப்படியே மரியாதையாகக் கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. இந்த மாதிரி நேரத்தில் அது ஏன் நினைவுக்கு வர வேண்டும் என்றும் நினைத்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் அப்படியே போனது.

போன் அடித்தது.

"நான்தான்மா. மனசு கேக்கல. உடம்புக்குக் கண்ணு பெருசா இருக்கு. குஞ்சுக்குத்தானே அப்படி இருக்கும்? மத்தவங்க என்னைப் பாத்துத்தான் வலை போடுறாங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லு. நிறுத்தணும்னா இப்பவே நிறுத்திடுறேன்."

திரையில் அவனுடைய படகு பச்சையின் நட்ட நடுவில் இருந்தது.

"பாத்துட்டேண்ணே" என்றாள். "கோடு சரிதான்."

சாயங்காலம் வரை அள்ளினார்கள்.

மறுநாள் ஏலக்கூடத்தில் மீன் முட்டிவரை குவிந்து கிடந்தது. ஒன்றுகூட உள்ளங்கையைத் தாண்டவில்லை. ஏலக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். தீவனத் தூள் ஆலையின் லாரிகள் வந்து மண்வெட்டியால் வாரிக்கொண்டு போயின. "மூணு வருஷம் பட்டினி கிடந்து கோழிக்குத் தீனி சேத்திருக்கோம்டா" என்று ஒருவன் கத்தினான். அண்ணன் மட்டும் குவியலின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாக எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கம் விசாரணை கேட்டது. இயக்குநருக்குப் பதில் சொல்ல அரை நாள்கூடத் தேவைப்படவில்லை. கோடு சரி. குஞ்சு கோட்டுக்குள்ளேதான் இருக்கும். குஞ்சு பிடிபட்டது என்றால் யாரோ உள்ளே போயிருக்க வேண்டும். முதலில் வலை போட்ட படகு எது?

வெள்ளிக்கிழமை அண்ணன் அலுவலகத்துக்கு வந்தான். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தான். அரசாங்க அறைக்குள் அவன் எப்போதும் அப்படித்தான் வருவான். தங்கைக்கு எதிர் நாற்காலியில், விளிம்பில் மட்டும் உட்கார்ந்தான்.

"அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"பேசுறதில்ல. யாருமே பேசல." கைகளைப் பார்த்துக்கொண்டான். "ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன். குஞ்சுங்கிறது உண்மை. உன் கோடும் தப்பாது. அப்ப ஒண்ணுதான் மிச்சம். நான்தான் உள்ள போயிருக்கேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லாத. எனக்காக நீ மறைக்கப் பாக்குறதா ஊரு உன்னைச் சொல்லும். விடியக்காலம் பனியா இருந்துச்சு. இடம் காட்டுற கருவியைச் சரியா பாக்கலையோ என்னவோ. சுக்கான் பிடிச்ச கைக்கும் வயசாகுதுல்ல. மத்தவங்க என்னை நம்பி என் பின்னாலயே வந்தாங்க. அவங்க மேல குத்தம் இல்லன்னு எழுதிடு."

படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். படகின் உரிமம் ஒரு வருஷத்துக்கு நிறுத்தம், இனி சுக்கான் பிடிக்கும் தகுதி இல்லை என்று அச்சடித்திருந்தது. கீழே ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. எல்லையைத் தாண்டிய தூரம்.

அவன் படித்துக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தான்.

"எவ்வளவு தூரம்மா உள்ள போயிருந்தேன்?"

அவளுக்குப் பின்னால் திரை எரிந்துகொண்டிருந்தது. திரும்பினால் போதும். பதினொரு படகுகளின் தடமும் கோட்டுக்கு வெளியே, இம்மியும் உள்ளே இல்லாமல், அதில் இருந்தது. அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அவனுக்கே தெரியும். அவன் சாய்க்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், மூன்று வருஷமாகப் பார்த்த அதே பார்வை.

வராந்தாவில் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டு, தேய்ந்து, ஓய்ந்தது.

"நானூறு மீட்டர்" என்றாள்.

"நானூறா?" அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒரு கணக்கு கடைசியில் சரியாக வந்துவிட்ட நிம்மதி. "அதான் பாத்தேன். அதான் பாத்தேன். என் கை மீனைச் சரியாத்தான் கண்டுச்சு, இடத்தைத்தான் தப்பா கண்டிருக்கு."

எழுத்துக்கூட்டி, தானே எழுதினான். கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடி அவள் பக்கம் நீட்டினான்.