கசந்த வேப்பிலை

டெபோரா பாம்புக்கடியைக் கணக்கெடுக்க வந்த பெண். ஒரு மருத்துவக் கல்லூரி அனுப்பியிருந்தது. யாரைக் கடித்தது, முதலில் என்ன செய்தீர்கள், பிழைத்தாரா என்று வீடு வீடாகக் கேட்டுப் போனில் பதிய வேண்டும். ஆஸ்பத்திரிக்கே போகாமல் செத்தவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லையாம். கே.ஜி.கண்டிகையில் அவளைக் கூட்டிக்கொண்டு சுற்றும் வேலை எனக்கு. என் வாய்க்குப் பயந்தாவது ஊர் பதில் சொல்லும் என்று நினைத்தார்கள் போல.

கனிமொழி வீட்டில் அதுவும் பலிக்கவில்லை. அவள் புருஷன் துளசிங்கம் போன வருஷம் பாம்பு கடித்துப் போனவன்.

"விதி முடிஞ்சுது, பூட்டாரு. அத்த எழுதி இன்னா பண்ணப் போறீங்க?" என்று சொல்லிவிட்டுக் கரும்பு வெட்டக் கிளம்பிவிட்டாள்.

டெபோரா விடுகிற ஆள் இல்லை. "தோட்டத்துல மத்தவங்களும் இருப்பாங்க இல்ல, வாங்க ரஞ்சிதம்மா" என்றாள். வெயிலில் நானும் நடந்தேன்.

நாங்கள் வரப்பில் ஏறும்போதே, அங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ராஜவேலுவின் அலறல் கேட்டது. காய்ந்து கிடந்த கரும்புச் சோகையைக் காலால் ஒதுக்கியிருக்கிறான். உள்ளே கண்ணாடி விரியன். கணுக்காலில் ரெண்டு பொட்டு ரத்தம்.

ஒருத்தர் துண்டை முறுக்கிக் கட்ட வந்தார். டெபோரா தடுத்தாள். "கட்டாதீங்க, கீறாதீங்க. காலை ஆட்டாம படுக்க வையுங்க. உடனே ஆஸ்பத்திரி போவணும்."

அதற்குள் அவன் பெண்டாட்டி யோகலட்சுமி வேப்பிலையை உருவிக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் பக்கம் இதுதான் பரீட்சை. கடிபட்டவன் இலையை மெல்ல வேண்டும். இனித்தால் விஷம் ஏறிவிட்டது. கசந்தால் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்.

ராஜவேலு மென்றான். முகம் கோணியது.

"கசக்குதுடி!"

"முருகா!" என்று அவள் திருத்தணி மலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தர் பீடிகூடப் பற்றவைத்துவிட்டார்.

"அதுல ஒண்ணும் தெரியாதுங்க. விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுக்கும், நாக்கை இல்ல" என்றாள் டெபோரா.

"சொம்மா இரும்மா. எங்க வேப்பமரத்துக்குத் தெரியாதது உன் போனுக்குத் தெரியுதா?" என்றான் ராஜவேலு.

"டேய், காலைப் பாருடா, பூசணிக்கா மாதிரி ஆவுது!" என்று நான் கத்தினேன்.

"முள்ளு குத்துனாகூடத்தான் வீங்கும், பெரிம்மா."

கனிமொழி அதுவரை கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எங்க வூட்டுக்காரருக்கும் கசந்துதுடா."

"கசக்குதுன்னு சிரிச்சிகினே வூட்டுக்கு வந்தாரு. சோறு கேட்டாரு, போட்டேன். அப்பறம் ஈறுல ரத்தம். நிக்கவே இல்ல. சோத்தைப் போட்டு சாவடிச்சவன்னு ஊரு பேசுமேன்னு இத்த யார்கிட்டயும் நான் சொல்லல." திரும்பி ஆட்களைப் பார்த்தாள். "இன்னா பாத்துகினு கீறீங்க? தூக்குங்க! நடக்க வுடாதீங்க!"

யோகலட்சுமி கையிலிருந்த மிச்ச இலையைக் கீழே போட்டாள்.

"நான் வரல..." என்று இழுத்தான் ராஜவேலு.

"நீ வராட்டி போ, உன் காலை மட்டும் இட்டுகினு போறோம்" என்றேன். நாலு பேர் அலேக்காகத் தூக்கி, ஆட்கள் வந்த லோடு ஆட்டோவில் படுக்க வைத்தார்கள்.

திருத்தணியில் டாக்டர் அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஆடாமல் நிறுத்தி வைத்தார். நல்ல ரத்தமென்றால் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடுமாம். சாய்த்துப் பார்த்தார். தண்ணீர்போல ஓடியது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள்.

"கிட்னியும் தப்பிக்கணும். ஒண்ணுக்குப் போறாரான்னு பாத்துகினே இருங்க" என்றார் டாக்டர்.

அன்றைக்குச் சில சொட்டுதான் வந்தது, டீத்தண்ணி நிறத்தில். கனிமொழி வீட்டுக்குப் போகவில்லை. வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேலை கெடுதே" என்றேன். "கரும்பு எங்கயும் ஓடிப்பூடாது" என்றாள்.

மறுநாள் மதியம் யோகலட்சுமி பிளாஸ்டிக் டப்பாவோடு வெளியே ஓடிவந்தாள். "பெரிம்மா! போனாரு! நெறையப் போனாரு!" நடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நர்ஸ் அதட்டினாள்.

கனிமொழி டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆங். தெளிஞ்சிருக்குது."

கை கழுவிக்கொண்டு, ராஜவேலுவைப் பார்க்க வந்திருந்த டெபோராவிடம் நேராகப் போனாள். "அடுத்து பள்ளிப்பட்டு போறியாமே, எப்போ? நானும் வரேன். தாலி அறுத்தவளுங்க எங்கிட்ட சொல்லுவாளுங்க."